கந்தகத்துக்கு ஆறு பிணைப்பு: டி ஒபிற்றலா, மும்மையப் பிணைப்பா?

வெள்ளவத்தையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு எடுக்கிறேன். அணுவின் வெளி ஓட்டில் எட்டு இலத்திரன்களுக்கு மேல் நிற்காது என்ற எட்டு இலத்திரன் விதியை மீறிக் கந்தகம் எப்படி ஆறு புளோரீனைப் பிடிக்கிறது என்று கேட்டால் பல வருடமாக ஒரே விடைதான் சொல்லி வந்தேன்: மூன்றாம் ஆவர்த்தனத்தில் வெறுமையான 3டி ஒபிற்றல்கள் (இலத்திரன்கள் தங்கக்கூடிய இடங்கள்) இருக்கின்றன, அவற்றையும் கலந்தால் ஆறு பிணைப்புக்கு இடம் வரும். இப்போது அதை விட்டுவிட்டேன்.

அந்த விளக்கம் சுருக்கமானது, வடிவமும் சரியாக வரும். நைதரசனுக்கு 2டி இல்லை, அதனால் ஐந்து குளோரீனோடு சேராது என்றால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். நைதரசன் சிறிய அணு, ஐந்து குளோரீன் அதைச் சுற்றி நிற்க இடமில்லை என்றாலும் அதே விடை வந்துவிடும்.

என்னை மாற்றியது ஒரு மாணவி. "டி ஒபிற்றல் சும்மா கிடக்கெண்டா, கந்தகம் ஏன் ரீச்சர் ஆறு ஐதரசனோட சேரேல்ல?" ஐதரசன் மிகச் சிறியது, நெருக்கடி இல்லை. 3டியும் அப்படியே வெறுமைதான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதில் மும்மைய நான்கு இலத்திரன் பிணைப்பில் இருந்தது. 1951இல் அமெரிக்க இரசாயனவியலாளர் பிமென்டல் எழுதியது இது. நேர்கோட்டில் நிற்கும் புளோரீன், கந்தகம், புளோரீன் மூன்றும் நான்கு இலத்திரன்களைப் பகிர்கின்றன. ஒரு சோடி மூன்றையும் பிணைக்கிறது. மற்றச் சோடி ஓரத்து அணுக்களிலேயே தங்கிவிடுகிறது. இப்படி மூன்று கோடுகள். கந்தகத்தின் 3எஸ் ஒபிற்றலும் ஒரு சோடியைப் பிணைப்பில் சேர்ப்பதால், முழு மூலக்கூறிலும் பார்த்தால், ஆறு பிணைப்புக்கான 12 இலத்திரன்களில் 4 புளோரீன்களிடமே இருக்கின்றன. கந்தகத்தோடு பிணைப்பில் நிற்பவை 8 மட்டும். ஆக, விதி உண்மையில் மீறப்படவே இல்லை!

அந்த மிகுதி 4 இலத்திரன்களைச் சுமக்க ஓரத்து அணுவுக்கு மின்னெதிர்த்தன்மை, அதாவது இலத்திரனைத் தன்பக்கம் இழுக்கும் ஆற்றல், வேண்டும். புளோரீனுக்கு அது தாராளமாக இருக்கிறது, ஐதரசனுக்கு இல்லை. பொசுபரசு ஐந்து புளோரீனோடு சேரும், ஐந்து ஐதரசனோடு சேராது என்பதும் இதே கதைதான். ஐந்து குளோரீனோடு சேர்ந்த பொசுபரசில் மேலும் கீழும் உள்ள பிணைப்புகள் ஏறத்தாழ 214 பிக்கோமீற்றர், நடுத்தளத்தில் உள்ளவை 202. நீளமான அந்த இரண்டும்தான் மும்மையப் பிணைப்பு.

டி ஒபிற்றலுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். கணிப்புகளில் அவற்றைச் சேர்த்தால் பிணைப்பு நீளம் திருத்தமாக வருகிறது. ஆனால் 3டியின் சக்தி மிக உயரம், ஆறு பிணைப்பைத் தாங்கும் அளவுக்கு அது கீழே இறங்கி வருவதில்லை.

இரண்டு வகுப்புகளுக்குத்தான் இதுவரை இப்படிக் கற்பித்திருக்கிறேன். மூலக்கூற்று ஒபிற்றல் படத்தைக் கண்டதும் சிலர் திணறினார்கள், அவர்களுக்கு இன்னும் இலகுவாக வரைந்து காட்டவேண்டும். ஐதரசன் கேள்வியை மட்டும் இப்போது நானே முதலில் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன்.