கிரவுன்-பினியனுக்கு மெருகா, பூச்சா?

ரேஸ் காரின் பின் ஆக்ஸிலுக்குப் புதிய கிரவுன்-பினியன் ஜோடி (என்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதை ஓட்டும் சின்னது பினியன்) வாங்கியபோது, பற்களின் மேற்பரப்பை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர் மசகுப் பூச்சு ஒரு வழி. ஐசோட்ரோபிக் சூப்பர்ஃபினிஷிங் என்ற ரசாயன மெருகு இன்னொரு வழி. நான் மெருகைத்தான் எடுத்தேன்.

இந்த ஜோடி ஹைபாய்டு என்ற வகை. அதில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்தில் இருந்து விலகி நிற்கும். அதனால் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. பலமும் அதிலிருந்துதான் வருகிறது, சூடும் அதிலிருந்துதான். 300 கிலோவாட் கடந்து போகும் ஆக்ஸிலில் 3 சதவீதம் இழந்தால் 9 கிலோவாட். அத்தனையும் அந்தச் சின்ன ஹவுசிங்குக்குள் சூடாகத்தான் தேங்கும்.

பூச்சின் பக்கமும் நியாயம் இருக்கிறது. செலவு குறைவு, தேய்ந்தால் மறுபடி பூசலாம், வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பற்கள் காயும் நேரத்தில் கொஞ்சம் தாங்கும். ஆனால் அது தேய்வதற்கென்றே இருக்கும் படலம். அது போனதும் அடியில் இருக்கும் சொரசொரப்பு அப்படியே வெளியே வரும்.

மெருகில் அந்தச் சொரசொரப்பே போய்விடுகிறது. அதிரும் தொட்டியில் பீங்கான் கற்களோடும் லேசான அமிலக் கரைசலோடும் கியரைப் போடுகிறார்கள். கரைசல் எஃகின் மேல் மென்மையான படலம் ஒன்றை உண்டாக்கும். கற்கள் மேடுகளில் இருக்கும் படலத்தை மட்டும் தேய்த்து எடுக்க, அங்கே மறுபடி படலம் பிடிக்கும். இப்படியே மேடுகள் தணிந்துகொண்டு வரும். கழிவது சில மைக்ரான்கள்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது பழக்கி ஓட்டும் வேலை. சாதாரணமாக முடித்த புதுப் பற்கள் முதல் ஓட்டங்களில் ஒன்றன் மேட்டை ஒன்று அரைக்கும். ஆயில் சூடு ஏறும். அந்த நேரத்தில் முழு பாரம் கொடுத்தால், கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய மேல்தோல் சூட்டில் இளகிவிடும். அப்புறம் அந்தப் பல் குழி விழுவதைத் தடுக்க முடியாது. ஆகவே மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, ஆயிலை மாற்ற வேண்டும். ஒரே ஒரு செட் என்றால் சரி, செய்துவிடலாம். ஆனால் தடத்துக்குத் தடம் ரேஷியோ (பல் எண்ணிக்கை விகிதம்) மாற்றுகிறோம், அதற்கு வேறு செட் போட வேண்டும். ஒவ்வொரு ஸ்பேர் செட்டுக்கும் இதே பாடு. பந்தய வார இறுதியில் அவசரமாக மாற்றிய செட்டைப் பழக்க நேரமே கிடைக்காது. மெருகிட்ட செட்டில் இந்த வேலையில் பெரும்பகுதி தொட்டியிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு மிதமான ஓட்டம் கொடுத்து, மார்க்கிங் (பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தின் அடையாளம்) பார்த்துவிட்டு, தடத்தில் இறக்கிவிடுகிறேன்.

பராமரிப்பிலும் இது எனக்குப் பிடித்துப்போனது. பளபளப்பான பல்லில் முதல் கீறல் உடனே கண்ணில் படுகிறது. பூச்சின் கருமையில் அதையே தேட வேண்டும்.

ஆயிலிலும் கொஞ்சம் லாபம் உண்டு. மேடுகள் தாழ்ந்திருப்பதால் மெல்லிய படலமே பற்களைப் பிரித்து வைக்கும். அதனால் கெட்டியான 75டபிள்யூ-140 கியர் ஆயிலில் இருந்து மெல்லிய 75டபிள்யூ-90க்கு இறங்கினேன். ஆயிலைக் கடையும் இழப்பு குறைகிறது. சூட்டைப் பார்த்துக்கொண்டே, படிப்படியாகத்தான் இறங்கினேன்.

இதெல்லாம் சர்க்யூட் பந்தய அனுபவம். நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறும் டிராக் ரேஸ் நான் ஓட்டியதில்லை. அங்கே கிளம்பும் கணத்தின் அதிர்ச்சிதான் முதல் எதிரி என்பதால், நிக்கல் அதிகமுள்ள 9310 எஃகு போன்ற, அடி தாங்கும் உலோகத்துக்குப் போகிறார்கள். என் தீர்ப்பை அங்கே கொண்டுபோக மாட்டேன்.

மெருகுக்கு அனுப்பினால் கிரவுனையும் பினியனையும் ஜோடி பிரியாமல் அனுப்புங்கள். ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய (லேப் செய்த) பற்கள் வேறு துணையோடு ஒத்துப்போகாது. திரும்பி வந்ததும் பேக்லாஷையும் (பற்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளி) மார்க்கிங்கையும் புதிதாக எடுங்கள். கியரின் இடத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடான ஷிம் தப்பாக இருந்தால் எந்த மெருகும் அந்தப் பல்லைக் காப்பாற்றாது.