பெயரில்லாத டப்பாவில் வந்த மரத்துப்போகும் கிரீம்

லேசர் முறையில் முடி நீக்கவோ பச்சை குத்திக்கொள்ளவோ போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் தங்கைக்கு நடந்தது இது.

வலி தெரியாமல் இருக்கவென்று, ஒரு லேசர் நிலையத்தில் அவளுடைய இரண்டு கால்களிலும் தொடையிலிருந்து கணுக்கால்வரை கிரீமை அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். டப்பாவில் மருந்தின் பெயரும் இல்லை, சதவீதமும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதைத்தான் போடுறோம்" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உதடும் நாக்கும் மரத்துவிட்டன. கிரீம் பூசியதோ காலில்! காதில் இரைச்சல், தலைசுற்றல் வேறு. பணியாளர் வந்து, "பயத்துல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நானே தாளைப் பிரித்து, கிரீமைத் துடைத்து, அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனேன். இசிஜி எடுத்து, கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

பணம் திரும்ப வரவில்லை, அது போகட்டும். டப்பாவில் என்ன இருந்தது என்று மருத்துவர் போனில் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கிரீம்களில் பெரும்பாலும் இருப்பது லிடோகெயின். நரம்புக்குள் சோடியம் நுழையும் வழியை அடைத்து வலியை மறைக்கிறது. அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் அதே அடைப்பு மூளையிலும் இதயத்திலும் நடக்கும். வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். பூசும் பரப்பு கூடினாலும், நெடுநேரம் விட்டாலும், புண்பட்ட தோலில் பூசினாலும், சூடு பட்டாலும் உடம்புக்குள் இறங்கும் மருந்து கூடும். தாள் சுற்றுவது இன்னும் மோசம். அமெரிக்காவில் இப்படிக் காலில் பூசிச் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்த பிறகு, 2007-இல் அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் கிரீமில் 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் இருந்தால் வாங்காதீர்கள் என்று 2024-இல் மறுபடியும் சொன்னது.

மருந்தையே குறை சொல்லவில்லை. ஊசி போடுமுன் பூசும், லிடோகெயினும் அதே வகை மருந்தான பிரிலோகெயினும் தலா 2.5 சதவீதம் கலந்த கிரீம், மருத்துவர் சொன்ன அளவில் எத்தனையோ குழந்தைகளின் வலியைக் குறைக்கிறது. ஆனால் பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் பென்சோகெயின் என்ற, மரத்துப்போகச் செய்யும் இன்னொரு மருந்து கலந்த ஜெல்லைத் தடவவே வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குலைத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்துவிடும்.

லேபிளைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பூசிய பிறகு வாய் மரத்தாலோ காது இரைந்தாலோ உடனே துடைத்துக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.