ஸ்டோரிபுரூக்கா, போர்ட்லண்டா? அம்மாவோடு பார்த்த இரண்டு மாயக்கதைத் தொடர்கள்

போன ஆடி மாதம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு, இரண்டு மாதம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆடியில் கணவாய்க் காற்று ராவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறக்க முடியாது, அம்மாவால் வெளியே வரவும் முடியாது. ஏழு மணிக்குத் தொடங்குகிற மெகா சீரியல்கள் அவருக்கு அலுத்துப்போய் வருடங்கள் ஆகின்றன. "ஏதாவது கதை உள்ளதாப் போடு மக்ளே" என்றார்.

அம்மாவுக்குக் கதை என்றால் ராஜா, ராணி, சாபம், வரம் எல்லாம் இருக்க வேண்டும். அப்படித் தேடியபோது இரண்டு அமெரிக்கத் தொடர்கள் முன்னால் வந்தன. ஒன்று ஒன்ஸ் அப்பான் எ டைம், மற்றது கிரிம். இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்தவை. முதலாவது 2011 அக்டோபர் 23, இரண்டாவது ஐந்து நாள் கழித்து அக்டோபர் 28. ஒன்ஸ் ஏழு சீசன், 155 எபிசோட். கிரிம் ஆறு சீசன், 123 எபிசோட். நான் முதலில் ஒன்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு ஆசையில் கிரிமையும் பார்த்தோம். எது நல்லது என்று அக்காவும் பக்கத்து வீட்டு மாமியும் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். கதையைச் சொல்லாமல் இந்த அலசலைச் செய்ய முடியாது. ஒன்றும் தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணுக்கு அழகு கிரிம்தான். போர்ட்லண்ட் நகரத்து மழையும் பாசி பிடித்த மரங்களும் நிஜம். ஒன்ஸில் அரண்மனையும் காடும் பல இடங்களில் கம்ப்யூட்டரில் வரைந்து ஒட்டியது என்று பார்த்தவுடன் தெரியும். ரத்தம், வெட்டுக் காயம், பிணம் இதெல்லாம் கிரிமில் தாராளம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைப் போடாதீர்கள். வாரம் ஒரு வழக்கு, வழக்கு முடிந்தால் எபிசோட் முடிந்தது என்பது கிரிமின் வசதி. ஒன்ஸில் ஒரு எபிசோடை விட்டால் அடுத்தது புரியாது. நடிப்பில் இரண்டுமே குறை சொல்ல முடியாதவை. ஒன்ஸில் ரெஜினாவாக வரும் லானா பரியாவும், ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கினாக வரும் ராபர்ட் கார்லைலும் மட்டும் ஒரு படி மேலே.

இனி முக்கியமான விஷயம். இரண்டிலும் காதல் உண்டு, விசுவாசம் உண்டு, துரோகம் உண்டு. வசனம் ஆங்கிலம் என்பதால் நான் நிறுத்தி நிறுத்தி அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு துரோகத்துக்கும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "தெரிஞ்சிட்டுச் செய்தாளா, தெரியாமச் செய்தாளா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் எங்களுக்குப் பக்கம். கொடை நாட்களில் வில்லுப்பாட்டில் நீலி கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். நம்பி வந்தவள் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்டவன் அந்தத் தலையை மெல்ல மணல் மேல் இறக்கி வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கிப் போடுகிறான். பார்த்து நின்றது கள்ளிச்செடி மட்டும். அடுத்த பிறவியில் நீலியாக வந்து, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடிப்போகிறாள். மணல் மேல் தலையை இறக்கி வைக்கிற அந்த இடத்தைப் பாடும்போது குடம் அடிப்பவர் கையைத் தாழ்த்திவிடுவார். தூக்கம் கலையாமல் இறக்கி வைத்தானே, அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கதையின் பாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கேள்வியோடு ஒன்ஸைப் பாருங்கள். கெட்ட ராணி ரெஜினா ஏன் ஸ்னோ ஒயிட்டை இத்தனை வெறுக்கிறாள்? நாம் சின்ன வயதில் கேட்ட கதையில் அழகுப் பொறாமை. இங்கே அது இல்லை. ரெஜினா இளம்பெண்ணாக இருந்தபோது டேனியல் என்ற லாயத்துப் பையனைக் காதலிக்கிறாள். குதிரை மிரண்டு ஓடியதில் சாகப் பார்த்த சிறுமி ஸ்னோவைக் காப்பாற்றியதும் அவளே. அதைப் பார்த்து ஸ்னோவின் தகப்பன், மனைவியை இழந்த ராஜா, ரெஜினாவைப் பெண் கேட்கிறார். ரெஜினா தன் காதலைச் சிறுமியிடம் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்குகிறாள். ரெஜினாவின் தாய் கோரா சிறுமியிடம் வந்து, என் மகள் என்னைவிட்டு விலகிப்போகிறாளே என்று நைச்சியமாகப் பேச, தாயில்லாப் பிள்ளையான ஸ்னோ, ரெஜினாவும் தாயை இழந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் சொல்லிவிடுகிறாள். கோரா டேனியலின் இதயத்தை நெஞ்சிலிருந்து பிடுங்கி, மகள் கண் முன்னே கையில் வைத்துப் பொடியாக்குகிறாள்.

அம்மா அப்போது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கிழங்கில் குத்தியபடியே வைத்துவிட்டு, "அந்தக் கொச்சு தெரியாமத்தானே சொல்லிச்சு" என்றார். அன்றைக்குக் கிழங்கு வேகும்போது மணி ஒன்பது.

இரண்டாம் சீசனில் அதே ஸ்னோ வளர்ந்த பெண். கோரா எல்லாரையும் அழிக்க வருகிறாள். கோராவின் இதயம் ஒரு பெட்டியில் தனியே இருக்கிறது. ஸ்னோ அதில் மந்திரம் வைத்து, "இதை உன் அம்மாவின் நெஞ்சில் திருப்பி வை, அவள் உன்னை நேசிப்பாள்" என்று சொல்லி ரெஜினாவிடம் கொடுக்கிறாள். தாய்ப்பாசத்துக்கு ஏங்கிக் கிடந்த ரெஜினா ஓடிப்போய் வைக்கிறாள். கோரா மகளைப் பார்த்து முதல்முறையாக அன்பாகச் சிரிக்கிறாள், உடனே செத்து விழுகிறாள். மகள் கையாலேயே தாயைக் கொல்ல வைத்துவிட்டாள் ஸ்னோ. இந்தத் தடவை தெரிந்தே செய்தாள்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போகக் காரணம். ஸ்னோ படுக்கையைவிட்டு எழவில்லை. கடைசியில் ரெஜினாவின் வீட்டு வாசலில் போய் நின்று, என்னைக் கொன்றுவிடு என்கிறாள். ரெஜினா அவள் இதயத்தை வெளியே எடுக்கிறாள். சிவப்பாக ஒளிர்கிற அந்த இதயத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கொல்லாமல், அந்தப் புள்ளியைக் காட்டிவிட்டுத் திருப்பி வைத்துவிடுகிறாள். நல்லவள் என்று பெயர் எடுத்தவளின் இதயத்திலும் கணக்கு எழுதப்படுகிறது. அதை எழுதிக் காட்டுபவள் வில்லி. இவ்வளவு நேர்மையாகத் துரோகத்தைக் கையாண்ட இடம் கிரிமில் எனக்குக் கிடைக்கவில்லை.

மந்திரவாதி ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் கதையும் இதே தராசில்தான் நிற்கிறது. மந்திர சக்தியே வேண்டாம் என்று மகன் பேல்ஃபயர், மாயமில்லாத உலகத்துக்கு ஒரு வாசலைத் திறக்கிறான். வாருங்கள் அப்பா என்று கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். அப்பன் பயத்தில் பிடியை விட்டுவிடுகிறான். ஒரு நொடிதான். அந்த நொடிக்காக நூற்றாண்டுக் கணக்கில் அலைந்து, மகனைத் தேடிப் போவதற்காகவே பெரிய சாபத்தைத் தயார்செய்து, அதை ரெஜினாவின் கையால் போடவைக்கிறான். கதை ஆட்கள் எல்லாரும் நினைவிழந்து, மணிக்கூண்டு 8:15-இல் நின்றுபோய், நம் உலகத்தில் ஸ்டோரிபுரூக் என்ற ஊரில் 28 வருடம் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அந்தச் சாபத்துக்கு விலையாக ரெஜினா, தான் மிகவும் நேசித்த உயிரைக் கொடுக்க வேண்டும். தன் சொந்த அப்பாவைக் கட்டிப்பிடித்தபடியே கொல்கிறாள். ஒரு துரோகத்தின் வேரைத் தோண்டினால் இன்னொருவர் செய்த துரோகம் வருகிறது. அதன் அடியில் யாரோ ஒருவரின் அன்பு இருக்கிறது.

இனி கிரிம். நிக் என்ற போலீஸ் துப்பறிவாளன், மனித உருவில் ஒளிந்திருக்கும் பிராணிகளை அடையாளம் காணும் கிரிம் என்ற பரம்பரையில் வந்தவன். அவன் காதலி ஜூலியட். முதல் சீசன் முழுக்க அவன் தன் உண்மையை அவளிடம் மறைக்கிறான். இது தெரிந்தே செய்தது, அதனால்தான் அந்த சீசன் நன்றாக இருக்கிறது. அவள் கேட்கும்போதெல்லாம் அவன் முகம் திரும்புகிற விதத்தை அம்மாவும் கவனித்தார்.

பிறகுதான் சிக்கல். மூன்றாம் சீசன் முடிவில் அடலிண்ட் என்ற சூனியக்காரி ஜூலியட்டின் உருவத்தில் வந்து நிக்கோடு படுக்கையைப் பகிர்கிறாள். அவன் சக்தி போய்விடுகிறது. நிக் தெரியாமல் ஏமாந்தான், சரி. அவன் சக்தியைத் திருப்பித் தர ஜூலியட் அதே அடலிண்டின் உருவத்தை எடுக்கச் சம்மதிக்கிறாள். எந்தப் பெண்ணுக்கும் லேசான காரியம் இல்லை அது. இந்தத் தொடரில் காதலுக்காகச் செய்யப்பட்ட மிகப்பெரிய தியாகம் அதுதான் என்பேன். அதன் பின்விளைவாக அவளே சூனியக்காரியாக மாறுகிறாள், நிக்கின் பரம்பரைப் புத்தகங்கள் இருந்த வண்டியை எரிக்கிறாள், அவன் தாயின் சாவுக்குத் துணைபோகிறாள். இதையெல்லாம் செய்தது ஜூலியட்டா, அவளுக்குள் புகுந்த சக்தியா? தொடர் பதில் சொல்லாமல், அம்பு பட்டு விழுந்தவளை ஈவ் என்ற வேறொரு பெயரில், வேறொரு ஆளாகத் திருப்பிக் கொண்டுவருகிறது. அடலிண்டோ சக்தி அடங்கி, நிக்கின் பிள்ளைக்குத் தாயாகி, அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். செய்தவர்கள் இரண்டு பேருமே வேறு ஆளாகிவிட்டால் கணக்கை யாரிடம் கேட்பது? அம்மா கேட்டதும் அதைத்தான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் விசுவாசம் என்று வந்தால் கிரிம் ஜெயிக்கிறது. மன்றோ ஓநாய் இனத்தவன், கடிகாரம் பழுதுபார்ப்பவன், கறி தின்பதை விட்டவன். கிரிம்கள் என்றால் அவன் குலத்துக்கே பரம்பரைப் பகை. அப்படிப்பட்டவன் தொடக்கத்திலேயே ஆஸ்பத்திரியில் கிடக்கும் நிக்கின் சித்திக்குக் காவல் இருக்கிறான். அவனும் நரி இனத்துப் பெண் ரோசலியும் கல்யாணம் செய்யப்போகிறோம் என்றதும் மன்றோவைப் பெற்றவர்களே கொதித்து எழுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கலப்பு பிடிக்காத கும்பல் ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டுபோய் எரிக்கப் பார்க்கிறது. நம்மூரில் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. நான்காம் சீசனின் அந்த எபிசோடில், வேலை போனாலும் பரவாயில்லை என்று போலீஸ் நண்பர்கள் மொத்தமும் காட்டுக்குள் இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்ஸில் இப்படி ஒரு நட்பு இல்லை.

காதலில் ஒன்ஸ்தான். ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். மூன்றாம் சீசனில் ஒரு சாபத்துக்காகக் கணவனின் இதயத்தை ஸ்னோ தன் கையால் நொறுக்க வேண்டிவருகிறது. அவனே செய் என்கிறான். செய்த பிறகு அவள் தன் இதயத்தை இரண்டாகப் பிய்த்துப் பாதியை அவனுக்கு வைக்கச் சொல்கிறாள். பிய்த்து வைப்பவள் ரெஜினா. யார் யாருக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பது நினைவில் இருந்தால் அந்தக் காட்சியைக் கண் கலங்காமல் பார்க்க முடியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் சீசனிலிருந்து ஒன்ஸ் தளர்கிறது. மூன்றாம் சீசன் முடிவில் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின், தன்னை ஆட்டிவைக்கிற மந்திரக் கத்தி என்று காதலி பெல்லிடம் ஒரு பொய்க் கத்தியைக் கொடுத்துக் கல்யாணம் செய்கிறான், நான்காம் சீசனில் அவள் கண்டுபிடித்து ஊர் எல்லைக்கு வெளியே அனுப்புகிறாள். அந்த எபிசோட் அருமை. அதோடு விட்டிருக்கலாம். திரும்பவும் ஏமாற்று, திரும்பவும் மன்னிப்பு என்று போய், மன்னிப்புக்கு மதிப்பே இல்லாமல் ஆகிவிடுகிறது. ஐந்தாம் சீசனில் ஸ்னோவின் மகள் எம்மா எல்லார் நினைவையும் அழித்துவைக்கிறாள். கிரிமில் நான் சொன்ன அதே குறை இங்கேயும் தலைகாட்டுகிறது. ஏழாம் சீசன் புது ஊர், புது ஆட்கள். நாங்கள் ஐந்தாறு எபிசோடோடு விட்டுவிட்டோம், அதனால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கிரிமின் ஆறாம் சீசனையும் அங்கங்கே தாண்டித்தான் பார்த்தேன்.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். ஒன்ஸில் முதல் மூன்று சீசனை வரிசையாகப் பார், அங்கேயே நிறுத்தினாலும் கதை நிறைவாகத்தான் இருக்கும். மச்சானுக்குப் போலீஸ் கதை பிடிக்கும் என்றால் கிரிம் முதல் இரண்டு சீசனும், மன்றோ கல்யாணமும், அவனை மீட்கிற எபிசோடும் போதும்.

அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். போன வெள்ளிக்கிழமை முப்பந்தலுக்குப் போனோம். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, காற்றாலைகளைத் தாண்டுகிற இடத்தில், திடீரென்று கேட்டார்: "அந்த வேட்டைக்காரன் பாவம், அவன் கணக்கு என்னாச்சு மக்ளே?" முதல் சீசனில் ஸ்னோவைக் கொல்ல மனமில்லாமல் விட்டவன் அவன். அதற்காக ரெஜினா அவன் இதயத்தைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தாள். ஏழாம் எபிசோடிலேயே அதைக் கசக்கிக் கொன்றாள். ரெஜினா திருந்தினாள், எல்லாரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், அவன் பெயரை மட்டும் யாரும் சரியாக எடுக்கவே இல்லை. அது தெரிந்தே செய்ததுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். வீடு வந்து சேரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.