'அதிகாரம் யார் கையில்?' காணொளி வகுப்பு: டால் பாடத்துக்கு மட்டும் காசு தகும்

நெட் தேர்வுக்கு அரசியல் அறிவியல் படிக்கிறேன். மக்களாட்சியில் உண்மையான அதிகாரம் யாரிடம் என்ற பகுதிக்கு மட்டும் 12 காணொளி, 899 ரூபாய் என்று ஒரு பயிற்சி மையம் விளம்பரம் போட்டிருந்தது. பெயர் வேண்டாம். பஸ்ஸில் போகவர எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் பற்றிய பாடம் அருமை. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவன் நகரில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்து 1961-இல் எழுதினாரே, அது. ஆசிரியர் பலகையில் மூன்று வட்டம் போட்டார்: நகரச் சீரமைப்பு, பள்ளிக் கல்வி, கட்சி வேட்பாளர் தேர்வு. ஒவ்வொன்றிலும் யார் சொல் எடுபட்டது என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். வட்டத்துக்கு வட்டம் ஆள் மாறுகிறது. மேயர் ரிச்சர்ட் லீ மாதிரி வெகு சிலர்தான் வட்டம் தாண்டுகிறார்கள். அதிகாரம் ஒரே கூட்டத்திடம் இல்லை, பல குழுக்களிடம் பரவிக் கிடக்கிறது என்பதுதான் பன்மைவாதம். நான் உருப்போட்டும் ஏறாத அது ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டது.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் பற்றிய பாடம் சுமார். பெருநிறுவனம், ராணுவம், அரசு மூன்றின் உச்சியில் இருக்கும் சிலரிடம்தான் அதிகாரம் என்று குறிப்பை அப்படியே வாசித்துவிட்டுப் போய்விட்டார்.

வயிற்றெரிச்சல் அடுத்ததில்தான். டாலுக்கு மறுப்பாக 1962-இல் பக்ராக், பாரட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி, ஒரு விஷயம் பேச்சுக்கே வராமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரம் இல்லையா என்பது. அதற்கு நான்கு நிமிடம். உதாரணம் ஒன்றுகூட இல்லை. அரசியல் அறிஞர் மேத்யூ கிரென்சன் ஆராய்ந்து எழுதிய, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து கேரி நகரத்தைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து ஊரான ஈஸ்ட் சிகாகோ 1949-லேயே காற்று மாசுக்குச் சட்டம் போட்டது, யு.எஸ். ஸ்டீல் ஆலையை நம்பிப் பிழைத்த கேரியில் அது 1962-இல்தான் வந்தது. ஆலை இறங்கி எதிர்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அதன் செல்வாக்கைப் பற்றி ஊருக்கு இருந்த நினைப்பே போதுமாக இருந்தது என்கிறார் கிரென்சன். அப்புறம் அந்த ஆலைக்கு எந்த வட்டத்தில் புள்ளி வைப்பது?

இதைக் கேட்கலாம் என்று செயலியில் 'சந்தேகம்' பொத்தானை அழுத்தினேன். ஐந்து தலைப்பு வந்தது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் எழுதவே விடும். பாடத்தில் இல்லாததைக் கேட்க அதில் இடமில்லை. சரி என்று 'கட்டணம் தொடர்பாக' என்பதை அழுத்தி கேரியைப் பற்றிக் கேட்டேன்.

மறுநாள் 899 ரூபாய்க்கு ரசீது அனுப்பினார்கள். மூன்று நட்சத்திரம்.