திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு: அடிக்குறிப்புகளுக்காகவே வாங்கலாம்

கடந்த ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போய்த் திரும்புகையில், வழியோரக் கடையொன்றில், கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உருவாக்கிய தமிழ் வேதாகமமான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே உள்ள வேதாகமத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒன்றுதான், அட்டைதான் வேறு" என்றார் கடைக்காரர். அது சரியன்று என்பதை எங்கள் வீட்டில் ஒரு கிழமை நீடித்த வாக்குவாதம் காட்டியது.

நான் கத்தோலிக்கன், மனைவியின் குடும்பம் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தது. மாமி வாசிப்பது 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பிரதி. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும், பிறகு செட்டிகுளம் முகாமுக்கும் சொப்பிங் பையில் சுற்றப்பட்டுச் சென்று மீண்டு வந்த புத்தகம் அது. ஓரங்கள் எல்லாம் பழுப்பேறியிருக்கின்றன.

மாமி புதிய பிரதியைக் கையில் எடுத்ததும் திருப்பியது யோவானின் முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்னும் மூவர் என்று அவருடைய பிரதியில் உள்ளது. புதியதில் ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்று சான்றுகளே இருந்தன. அந்த வரிகளின்மேல் விரலை இரண்டு முறை ஓட்டிவிட்டு, "வசனத்தை வெட்டிப்போட்டாங்கள்" என்றார்.

உண்மையில் எவரும் வெட்டவில்லை. வேதாகமத்தின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளான, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப்படிகள் இரண்டிலும் அந்த வாக்கியம் இல்லை. இலத்தீன் மரபில் வேரூன்றிய பின்னரே அது கிரேக்கப் பாடத்துக்குள், அதாவது மூல வாசகத்துக்குள், நுழைந்தது. ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் 1522ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சேர்த்தார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வழிவந்த கிரேக்கப் பாடத்தையே பின்பற்றினார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே கடவுள் மூவராய் இருக்கிறார் என்னும் திரித்துவ விசுவாசமும் அந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் சேர்த்துச் சொல்லும் மத்தேயு 28:19 இரண்டு பிரதிகளிலும் அப்படியே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் மாமி கண்ணாடியைக் கழற்றினார்.

1995இல் வெளிவந்த இந்தப் பொது மொழிபெயர்ப்பில் நான் மிகவும் மதிப்பது, கையெழுத்துப்படிகள் ஒன்றோடொன்று வேறுபடும் இடங்களை அது மறைக்காமல் பக்கத்தின் அடியில் குறித்துவைப்பதையே. வாசகரை நம்பி உள்ளதைச் சொல்லும் புத்தகத்தை வாசகரும் நம்பலாம். ஒவ்வொரு நூலுக்கும் தரப்பட்டுள்ள முன்னுரை சுருக்கமானது. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு அது போதும். நான் வாங்கிய கத்தோலிக்கப் பதிப்பில், மெதடிஸ்த சபை போன்றவை தம் வேதாகமத்தில் சேர்க்காத இணைத் திருமுறை நூல்களும் சேர்ந்து 73 நூல்கள் உள்ளன; மாமியின் பிரதியில் 66.

குறை சொல்வதானால், ஓசை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவருக்கு "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்பது மற்றவர் வீட்டுச் சாப்பாடு போலத்தான் இருக்கும். போதாததற்கு, எங்கள் பக்கத்தில் ஆயர் என்றால் மன்னார் ஆயர், அதாவது பிஷப். ஆட்டு மந்தையை யாரும் நினைப்பதில்லை. ஏழு வயது மகள், ஆண்டவரும் ஊதா நிறத் தொப்பி போடுவாரா என்று கேட்டாள். மற்றபடி தீர்க்கதரிசி இறைவாக்கினர் ஆனதும், சுவிசேஷம் நற்செய்தி ஆனதும் தெளிவுக்கே உதவியிருக்கின்றன.

வேதத்தின் தமிழை மாற்றக் கூடாது என்று வாதிடுவோர் நம்முடைய வரலாற்றையும் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. அதற்குத் தமிழ் செப்பனிட்டவர் சைவரான ஆறுமுக நாவலர். மாமியின் பிரதியும் ஒரு காலத்தில் புதியதாகத்தான் வந்தது.

வாங்க விரும்புவோர், வெளியில் வைத்து எழுத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள். விளக்கு வெளிச்சத்தில் அடிக்குறிப்புகளை வாசிப்பது வயதானவர்களுக்குச் சிரமம். மாமி இரவு ஜெபத்துக்கு இன்னமும் பழையதையே எடுக்கிறார். சந்தேகம் வந்தால் மட்டும், "அந்தக் கீழ்க்குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு வாங்கோ தம்பி" என்று என்னைக் கூப்பிடுகிறார்.