பெய்லர், மெதுவோட்ட பம்ப், ஊடுபரவல் பை: எரிபொருள் கலந்த நிலத்தடி நீரில் மாதிரி எடுக்க எது?

பழைய தொழிற்சாலை வளாகத்தில் பெட்ரோல், டீசல் தொட்டிகள் கசிந்த இடத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டாகிவிட்டது. ஆய்வகத்திலிருந்து வரும் பென்சீன் (பெட்ரோலிலிருந்து நீரில் கரையும், எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருள்) அளவு மண்ணுக்கடியில் உண்மையில் இருப்பதுதானா, மாதிரி எடுத்த விதத்தால் வந்ததா? ஒரே கிணற்றில் ஒரே நாளில் எடுத்தாலும், கருவி மாறினால் எண்ணும் மாறும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதற்குப் பக்கத்தில் நிற்கும் கிணற்றில் இந்த வித்தியாசம் முடிவையே புரட்டிவிடும்.

எந்த முறையானாலும் முதலில் எண்ணெயையும் நீரையும் பிரித்துக் காட்டும் மட்டமானியை மெதுவாக இறக்குங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்தக் கிணற்றில் கரைந்த பொருளுக்கு மாதிரி எடுக்க வேண்டாம். ஒரு துளி எண்ணெய் சேர்ந்தாலே எண் பல மடங்கு எகிறும். படலத்தின் தடிமனைக் குறித்து, அதை நீரோடு ஒப்பிட்ட எண்ணெயின் அடர்த்தி விகிதத்தால் (பெட்ரோலுக்குச் சுமார் 0.75, டீசலுக்குச் சுமார் 0.85) பெருக்கி, எண்ணெய்க்கு அடியில் நீர் தொடங்கும் உயரத்தோடு கூட்டுங்கள். அதுதான் திருத்திய நீர்மட்டம். இதை விட்டால் நீரோட்டத் திசை வரைபடமே தவறிப்போகும்.

பெய்லர் என்பது கயிற்றில் கட்டி இறக்கி நீரை மொண்டு எடுக்கும் குழாய். மலிவு, பழுதாக அதில் ஒன்றுமில்லை. ஆனால் 50 மி.மீ. கிணற்றில் ஒரு மீட்டர் நீருக்குச் சுமார் 2 லிட்டர். 5 மீட்டர் நீர் நின்றால், வழக்கப்படி மூன்று மடங்கு இறைக்க 30 லிட்டர். லிட்டர் பெய்லரை முப்பது முறை போட்டு இழுக்கும்போது அது பிஸ்டன் போல நீரை உலுக்கி, வண்டலைக் கிளப்பிவிடும். வண்டலில் ஒட்டிய கனமான எண்ணெய் டீசல் வகை அளவை ஏற்றும். அதே உலுக்கலில் பென்சீன் ஆவியாகி இறங்கும். எதிரெதிர்த் திசையில் இரண்டு பிழைகள் என்பதால் பிறகு திருத்தவும் முடியாது. இறைத்த நீரையும் டிரம்மில் பிடித்து முறையாக அகற்றியாக வேண்டும். ஒளி ஊடுருவும் பெய்லரால் படலத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மெதுவோட்ட முறைக்குத்தான் எங்கள் ஓட்டு. பம்பின் வாயை, கிணற்றுக் குழாயில் நீர் நுழையும் துளைகளுள்ள சல்லடைப் பகுதியின் நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி லிட்டருக்குள் இறைக்க வேண்டும். நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, தொடர்ந்து மூன்று அளவீடுகளில் பி.எச். ±0.1, மின்கடத்துத்திறன் ±3%, கரைந்த ஆக்சிஜன் ±10%, கலங்கல் ±10% என நிலைத்த பிறகே மாதிரி. பி.எச். சீக்கிரம் அடங்கிவிடும், ஆக்சிஜனும் கலங்கலும்தான் கடைசியில் அடங்கும், அவசரப்பட வேண்டாம். மாதிரி எடுக்கும்போது பி.எச். முதலியவற்றை அளக்கக் குழாயில் மாட்டிய அளவீட்டுக் கலத்தைக் கழற்றிவிட்டு, குழாயிலிருந்து நேராகப் பிடியுங்கள். தரையில் வைத்து உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்ப் சுமார் 7.5 மீட்டருக்குக் கீழே நீரைத் தூக்காது. அதற்கு மேலேயும் உறிஞ்சும் அழுத்தத்தில் பென்சீன் வாயுவாகப் பிரியும். பென்சீன்தான் கேள்வி என்றால், கிணற்றுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் பையைக் காற்றழுத்தத்தால் பிழிந்து நீரை மேலே தள்ளும் பிளாடர் பம்ப் போடுங்கள்.

குப்பி நிரப்புவதில் கவனம் தேவை. அமிலம் இட்ட 40 மில்லி குப்பியைச் சாய்த்து, நீர் சுவரோரமாக வழிய விடுங்கள். அமிலம் வெளியேறும்படி வழியவிடாமல், விளிம்புக்கு மேல் நீர் குவிந்து நிற்கும்போது மூடியை இறுக்குங்கள். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குமிழி ஏறினால் அந்தக் குப்பி வேண்டாம், புதிது எடுங்கள். சுண்ணத்தன்மை மிகுந்த நீர் அமிலம் பட்டதும் நுரைக்கும். அங்கே அமிலமில்லாத குப்பிதான். அப்போது ஆய்வகம் சோதித்து முடிப்பதற்கான 14 நாள் கெடு 7 நாளாகச் சுருங்கும்.

ஊடுபரவல் பை என்பது தூய நீர் நிரப்பிய பாலித்தீன் பை. குறைந்தது 14 நாள் கிணற்றில் தொங்கினால், பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் உள்ளே பரவிச் சமநிலைக்கு வரும். இறைப்பதும் இல்லை, கழிவுநீரும் இல்லை. ஆனால் பெட்ரோல் சேர்க்கைப் பொருளான எம்டிபிஈ இதற்குள் சரியாகப் பரவாது. உலோகம், நைட்ரேட், சல்பேட் போன்ற அயனிகள் நுழையவே நுழையாது. எண்ணெய் தானாகச் சிதைகிறதா என்று பார்க்கச் சல்பேட்டும் கரைந்த இரும்பும் தேவையென்றால் பை மட்டும் போதாது. டீசல் வகைக்கு வேண்டிய பெரிய மாதிரிக்கு அதிலுள்ள நீரும் பற்றாது. நீர்மட்டம் ஏறி இறங்கும் கிணற்றில், கோடையிலும் பை முழுதாக நீருக்குள் இருக்கும் ஆழத்தில் கட்டுங்கள்.

முதல் சில சுற்றுகளை மெதுவோட்டத்தில் முடித்து, பெட்ரோல் வகை மட்டும்தான் என உறுதியான பின் பைக்கு மாறலாம். மாறும் சுற்றில் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: பையை எடுத்த கையோடு அதே கிணற்றில் பம்பை இறக்கி இன்னொரு மாதிரி. சுத்தமான கிணறு, நடுத்தரம், மாசு மிகுந்தது என மூன்றிலாவது இதைச் செய்திருந்தால்தான், பென்சீன் குறைந்ததற்குக் காரணம் கருவியா, மண்ணா என்று வரைபடத்தில் பிரித்துச் சொல்ல முடியும்.