மலையில ஒரு நாள் ஓய்வு: நுவரெலியாவோ பண்டாரவளையோ?

கிளிநொச்சியிலயிருந்து சைக்கிள்ல மலைநாட்டுக்கு ரெண்டு தரம் போட்டு வந்திட்டன், ரெண்டும் ஆடி மாசம். முதல் தரம் ஓய்வு நாளை நுவரெலியாவில எடுத்தனாங்கள், மற்ற முறை பண்டாரவளையில. இனிப் போற ஆக்களுக்கு நான் பண்டாரவளையைத் தான் சொல்லுவன்.

வடிவெண்டு பார்த்தா நுவரெலியா தான், அதில கதையில்லை. கிரகரி வாவி, கொஞ்சம் தள்ளி சீதையம்மன் கோயில், சுத்திப் பார்க்க ஒரு நாள் காணாது. சாப்பாடு, தமிழ் கதைக்கிற ஆக்கள் எல்லாம் ரெண்டு இடத்திலயும் இருக்கு.

கண்டி 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. கம்பளை, புசல்லாவை, ரம்பொடை எண்டு நாள் முழுக்க ஏறி வந்தா, போய்ச் சேர்ந்த இடத்திலயே விழுந்து படுக்கத்தான் மனம் சொல்லும். நாங்களும் அப்பிடித்தான் ரெண்டு ராத்திரிக்கு ரூம் போட்டம்.

பிழைச்சது உடுப்பில. ரம்பொடையிலயிருந்தே தூறல், களிசான், மேஸ், துவாய் எல்லாம் ஈரம், தோய்ச்சுப் போட்டது அடுத்த நாள் பின்னேரமும் பிழிஞ்சா தண்ணி வருது. எங்கட வளவுக் கொடியில ஒரு மணித்தியாலத்தில காயிற சாரம் அங்க ஒண்டரை நாளாயும் காயேல்ல. வன்னி வெயிலில வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிரும் சேர, முழங்கால் இறுகி, நித்திரையும் இல்லாமல் போர்வைக்குள்ளயே கிடந்தம். மூண்டாம் நாள் ஈரக் களிசானோட ஓடி தொடை உரஞ்சிப் புண்ணாப் போச்சு, ஓய்வெடுத்தும் ஒரு பிரயோசனமும் இல்லை.

எங்கட முன்வீட்டு ஐயா 77 கலவரத்துக்குப் பிறகு வெலிமடைப் பக்கத்தால வன்னிக்கு வந்தவர். "ஆடியில அங்கிட்டு மழை தம்பி, எங்க பக்கம் காத்துத்தான், ஹக்கலையைத் தாண்டிப் போய்ப் படுங்க" எண்டார். அது சரிதான், தென்மேல் பருவக்காத்து மேற்குச் சரிவில மழையைக் கொட்டிப்போட்டு வெலிமடை, பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் காஞ்சு போய் இறங்கும், எங்களுக்கு இஞ்ச அடிக்கிற கச்சானும் அதே காத்துத்தான்.

அதால ரெண்டாம் முறை நுவரெலியாவில ஒரு ராத்திரி மட்டும் படுத்தம். காலமை பனிமூட்டம் விலகினாப் பிறகு பிரேக் கட்டையைப் பார்த்திட்டு வெளிக்கிட்டம். வெலிமடை மட்டும் கூடுதலா இறக்கம், பிறகு பண்டாரவளைக்கு ஒரு ஏத்தம், எல்லாமாக் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர், களைச்ச காலுக்கு அந்தக் கடைசி ஏத்தம் கஷ்டம் தான். ஆனா 1,200 மீற்றர் உயரத்தில குளிர் அளவான குளிர். மத்தியானம் போட்ட உடுப்பு பொழுதுபட முதல் காஞ்சிட்டுது, ராத்திரி நல்ல நித்திரை, அடுத்த நாள் வெயிலில இருந்து செயினைத் துடைச்சு எண்ணெய் விட்டம். ரயில் ஸ்டேசனும் ரவுணுக்குள்ளயே இருக்கு, நுவரெலியா எண்டா நானுஓயாவுக்குப் போக வேணும்.

முழங்கால் உண்மையிலயே ஏலாமல் போனா இந்த 50 கிலோமீற்றரை ஓட வேண்டாம், அங்கயே நில்லுங்கோ. மார்கழியில வாடைக்காத்து ஊவாப் பக்கமும் நல்லா மழையைக் கொண்டு வரும், அப்ப இந்தக் கணக்கு மாறலாம், அந்த மாசத்தில நான் ஓடினதில்லை. எந்த மாசமெண்டாலும் நுவரெலியா ராத்திரிக்கெண்டு ஒரு சோடி மேஸையும் சாரத்தையும் சொப்பிங் பையில கட்டி நனையாமல் வச்சிருங்கோ.